ஐந்து வோல்ட்டும் ஐந்நூறு வோல்ட்டும்

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்து செதுக்குகிறவர்களின் கைவேலைக்குக் கிடைத்த மரியாதை அது. மரத்தை நம்பிப் பிழைக்கும் இன்னொரு தொழிலும் தமிழ்நாடு முழுக்க வளர்ந்திருக்கிறது. நிலைக்கதவு, கட்டில் தலைப்பலகை, பூஜை அறைக் கதவு என்று சிஎன்சி ரவுட்டரில் வெட்டிக் கொடுக்கும் பட்டறைகள் அவை. நான்கடிக்கு எட்டடி மேஜை, அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பாலம், பாலத்தில் வெட்டும் பிட்டைப் பிடித்து நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றும் ஸ்பிண்டில். கணினியில் வரைந்த தாமரை, கொஞ்ச நேரத்தில் பலகையில் பூத்துவிடும்.

மெஷினை முழுதாக வாங்கினால் கன்ட்ரோல் பேனலும் கூடவே வரும். போர்டு, டிரைவர், மோட்டார், ஸ்பிண்டில் எனத் தனித்தனியாக வாங்கித் தாங்களே பூட்டுகிறவர்களும் உண்டு. பழைய மெஷினில் போர்டு போய்விட்டதென்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. அந்தப் பேனல் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் மற்றவர்களுக்கும் ஆனது. மெஷின் சரியாக ஓடுவது புரோகிராமைப் பொறுத்தது. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் ஓடுவது ஒயரிங்கைப் பொறுத்தது. இந்த இரண்டாவதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சின்ன மூளை

அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் 1952-இல் எண்களால் கட்டுப்படுத்தப்படும் முதல் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டியது. துளையிட்ட நாடாவில் கட்டளை, வெற்றிடக் குழாய்களால் ஆன கட்டுப்பாட்டு அலமாரி. மெஷினைவிட அலமாரி பெரிதாக இருந்தது. 2009-இல் நார்வேயைச் சேர்ந்த சிமன் ஸ்வாலே ஸ்காக்ஸ்ருட் 'ஜிஆர்பிஎல்' என்ற இலவச மென்பொருளை எழுதினார். 32 கிலோபைட் நினைவகமும் 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட ஆர்டுயினோ போர்டே அதற்குப் போதுமானதாக இருந்தது. அலமாரி உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

அந்தப் போர்டு செய்யும் வேலை ஒன்றே ஒன்று. சரியான நேரத்தில் சரியான எண்ணிக்கையில் பல்ஸ் அனுப்புவது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுச் சுற்ற 200 படிகள். டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 துண்டாக்கினால் ஒரு சுற்றுக்கு 3,200 பல்ஸ். மோட்டாரோடு சேர்ந்த திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துவதாக இருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 640 பல்ஸ். ஒரு பல்ஸ் கூடினாலோ குறைந்தாலோ வரும் பிழை மயிரிழையைவிட மிகச் சிறியது. மர வேலையில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் இந்தப் பல்ஸ் எல்லாம் வெறும் 5 வோல்ட் சமாச்சாரம். போர்டுக்குப் பக்கத்திலேயே, ஸ்பிண்டிலை ஓட்டும் விஎப்டிக்குள், மூன்று பேஸ் சப்ளை என்றால் ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் டிசி காத்திருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இவை இரண்டையும் குடிவைப்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

டிரைவர் வரைக்கும்

போர்டிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் பல்ஸ், திசை, எனேபிள் என்று மூன்று சிக்னல்கள் போகும். டிரைவரின் உள்ளே அவற்றை வாங்கிக்கொள்வது ஆப்டோகப்ளர். உள்ளே ஒரு குட்டி எல்இடி எரியும். எதிரே இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்து மறுபக்கத்துக்குச் செய்தி சொல்லும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பே கிடையாது. மோட்டார் பக்கம் 48 வோல்ட்டில் ஏதாவது வெடித்தாலும் போர்டு தப்பிக்க வாய்ப்பு இருப்பது இதனால்தான். 5 வோல்ட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் டிரைவருக்கு 24 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுத்தால் அந்த எல்இடி கருகிவிடும். வரிசையில் 2 கிலோஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வது வழக்கம். டிரைவரின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு ஸ்குரூடிரைவரை எடுப்பது நல்லது.

மோட்டாரிலிருந்து வரும் நான்கு ஒயரில் எது எதற்கு ஜோடி என்பது அடுத்த குழப்பம். நிறத்தை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மோட்டாரைத் தனியே கழற்றி வைத்து, அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றும். இப்போது ஏதாவது இரண்டு ஒயர் முனைகளை ஒன்றாகத் தொடவிட்டு மறுபடி சுற்றுங்கள். அச்சு படிப்படியாகக் கடினமாகத் தடுக்கினால், அந்த இரண்டும் ஒரே காயிலின் இரு முனைகள். அச்சைச் சுற்றும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. சுற்று மூடியதும் அது உண்டாக்கும் கரண்டே அதன் சுழற்சியை எதிர்க்கிறது. மல்டிமீட்டர் இல்லாத இடத்திலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது.

டிரைவரில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவே கூடாது. காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்க மறுக்கும். அறுந்த இடத்தில் பெரிய வோல்டேஜாக எழும்பி டிரைவரைக் கொன்றுவிடும். தளர்வான கனெக்டர் ஒன்று மெஷின் ஆட்டத்தில் விட்டு விட்டுத் தொட்டாலும் இதே கதிதான். பல இழைச் செம்புக் கம்பியை வெறுமனே முறுக்கித் திருகுக்குள் நுழைக்காமல், லக் அடித்து இறுக்கச் சொல்வதன் காரணம் இது.

மோட்டாருக்கு டிசி கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் சிறு சிவப்பு சுவிட்ச் இருக்கலாம். 115, 230 என்று இரண்டு நிலைகள். 115-இல் விட்டுவிட்டு நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டருக்குத் தாங்க முடியாத வோல்டேஜ் ஏறும். டமால் என்று வெடிக்கும். முதலில் பார்க்க வேண்டியது அந்த சுவிட்சைத்தான்.

ஸ்பிண்டில்

ரவுட்டர் ஸ்பிண்டில் ஒரு மூன்று பேஸ் மோட்டார். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போகாது. 24,000 சுற்று வேண்டுமென்றால் 400 ஹெர்ட்ஸ் வேண்டும். அதை உண்டாக்கித் தருவதுதான் விஎப்டி. வரும் ஏசியை முதலில் டிசி ஆக்கி, கெப்பாசிட்டரில் தேக்கி, பிறகு நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிப் புதிய ஏசியாகக் கொடுக்கும். 230 வோல்ட் ஒற்றை பேஸில் ஓடும் விஎப்டிக்குள் தேங்குவது சுமார் 325 வோல்ட் டிசி. 415 வோல்ட் மூன்று பேஸ் என்றால் சுமார் 587.

மெயினை ஆஃப் செய்துவிட்டதால் அந்தத் தேக்கம் உடனே வடிந்துவிடாது. எவ்வளவு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று விஎப்டியின் மேலேயே எழுதியிருக்கும். அந்த நேரம் கழிந்த பிறகும் மீட்டர் வைத்து டிசி முனைகளைப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். இன்னொன்று: ஆர், எஸ், டி என்பவை உள்ளே வரும் முனைகள், யு, வி, டபிள்யு வெளியே போகும் முனைகள். மெயினைத் தப்பாக யு, வி, டபிள்யுவில் கொடுத்தால் விஎப்டி அந்தக் கணமே போய்விடும்.

ஸ்பிண்டிலின் தலையில் வட்டமான நான்கு பின் சாக்கெட் இருக்கும். மூன்று பின் மூன்று பேஸுக்கு. நான்காவது எர்த் என்று நினைத்து எர்த் ஒயரைப் பற்றவைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மலிவு விலை ஸ்பிண்டில்கள் பலவற்றில் அந்த நான்காவது பின் உள்ளே எதனோடும் சேர்ந்திருக்காது. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு முனையை நான்காவது பின்னிலும் மறுமுனையை ஸ்பிண்டில் உடம்பில் பூச்சு இல்லாத இடத்திலும் தொடுங்கள். மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டாவிட்டால் அந்த எர்த் வெறும் பேச்சுக்குத்தான். ஸ்பிண்டில் உடம்பிலிருந்தோ அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலிருந்தோ தனியாக ஓர் எர்த் ஒயரை இழுக்க வேண்டும். பாலத்துக்கும் மேஜைக்கும் தனித்தனி எர்த் வேண்டும். பேரிங்கும் கிரீஸும் வழியாக எர்த் போய்விடும் என்று நம்பக் கூடாது.

இரைச்சல்

ஸ்பிண்டில் ஓடாதபோது மெஷின் ஒழுங்காக நகர்கிறது. ஸ்பிண்டிலை ஆன் செய்ததும், பாலம் ஓரத்தில் மோதாமல் தடுக்கும் லிமிட் சுவிட்ச் தொடாமலேயே அலாரம் அடித்து வேலை நின்றுபோகிறது. ஒயரிங் சரியில்லாத மெஷினில் கேட்கும் முதல் புகார் இதுதான். விஎப்டி டிசியை வெட்டும் ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டில் கேபிளில் வோல்டேஜ் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. பக்கத்தில் ஒட்டி ஓடும் மெல்லிய சிக்னல் ஒயரில் அதன் சாயல் விழுகிறது. இந்தச் சாயல்தான் மின் இரைச்சல். 5 வோல்ட் சிக்னலில் இரண்டு மூன்று வோல்ட் ஆடினாலே போர்டு ஏமாந்துவிடும்.

இதற்கு மருந்து மூன்று. ஸ்பிண்டிலுக்கு உலோக வலை சுற்றிய ஷீல்டு கேபிள் போட்டு, வலையை விஎப்டி பக்கமும் ஸ்பிண்டில் பக்கமும் எர்த் செய்வது. சிக்னல் கேபிளை வேறு டக்டில் கொண்டுபோவது. குறுக்கே தாண்டித்தான் ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகத் தாண்டுவது. லிமிட் சென்சார்களை 24 வோல்ட்டில் ஓட்டி, போர்டுக்குள் ஆப்டோகப்ளர் வழியாக அனுப்புவது. 24 வோல்ட் சிக்னலை அசைக்கப் பெரிய இரைச்சல் வேண்டும். சிக்னல் கேபிளின் ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்வது வழக்கம். ரிலே, சொலினாய்டு போன்ற டிசி காயில்களுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடு வைத்தால் அவை ஆஃப் ஆகும்போது எழும்பும் வோல்டேஜும் அடங்கும்.

மூடியே இருக்கட்டும்

லிமிட் சுவிட்சை இரண்டு விதமாக இணைக்கலாம். தொட்டால் சுற்று மூடும்படி ஒரு விதம். எப்போதும் மூடியிருந்து, தொட்டால் திறக்கும்படி இன்னொரு விதம். பட்டறைக்காரர்கள் இரண்டாவதை 'என்சி' என்பார்கள். என்சியே சரி. முதல் விதத்தில் எலி ஒயரைக் கடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பாலம் ஓடி ஓரத்தில் மோதும்போதுதான் தெரியும். என்சியில் ஒயர் அறுந்த நொடியே மெஷின் நின்றுவிடும். இரவில் தெருவைச் சுற்றும் கூர்க்காவின் விசில் கேட்கும்வரை எல்லாம் நலம். விசில் நின்றால் எழுந்து பார்க்க வேண்டும். அதே தத்துவம்.

மஞ்சள் பின்னணியில் காளான் வடிவச் சிவப்புப் பொத்தானாக இருக்கும் எமர்ஜென்சி ஸ்டாப்புக்கும் இதே விதி, அதுவும் என்சிதான். அதன் ஒயரைப் போர்டின் ஒரு பின்னில் மட்டும் செருகிவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் உண்டு. போர்டு தொங்கிப்போனால் அந்தப் பொத்தானை யார் கேட்பது? ஆபத்து வருவதே பெரும்பாலும் போர்டு சொன்ன பேச்சைக் கேட்காத நேரத்தில்தான். எனவே பொத்தான் ஒரு கான்டாக்டரின் காயிலை நேரடியாக விடுவிக்க வேண்டும். அந்தக் கான்டாக்டர் டிரைவர்களுக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் சப்ளையை அறுக்க வேண்டும். போர்டுக்குச் செய்தி சொல்வது கூடுதல் வேலையாக இருக்கட்டும்.

ஸ்பிண்டிலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சப்ளையை மட்டும் அறுத்தால் 24,000 சுற்றில் ஓடியது தானாக ஓய்ந்து நிற்கச் சற்று நேரம் எடுக்கும். மெஷின்களின் மின் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 தரம் இதனால்தான் நிறுத்துவதை வகைப்படுத்துகிறது. உடனே சப்ளையை அறுப்பது வகை 0. முதலில் பிரேக் போட்டு நிறுத்தி, நின்றதும் அறுப்பது வகை 1. விஎப்டிக்கு நிறுத்தும் சிக்னல் கொடுத்துவிட்டு, டைமர் ரிலே மூலம் சில நொடி தள்ளி அதன் சப்ளையை அறுத்தால் ஸ்பிண்டில் சீக்கிரம் நிற்கும்.

கரண்ட் போய்த் திரும்பி வருவது நம் ஊரில் அன்றாடம். போனபோது ஆள் பிட் மாற்றக் கையை உள்ளே விட்டிருக்கலாம். வந்ததும் மெஷின் தானாக ஓடக் கூடாது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் பிடித்துக்கொள்ளும் கான்டாக்டர் இணைப்பு அதற்கும் உதவும். கரண்ட் போனதும் கான்டாக்டர் விட்டுவிடும். யாராவது மறுபடி அழுத்தினால்தான் பிடிக்கும். சிவப்புப் பொத்தானைத் திருகி விடுவித்தாலும் அப்படியே.

மலை மண்ணில் எர்த்

இதுவரை சொன்ன எல்லா எர்த் ஒயரும் பேனலில் ஒரு செம்புப் பட்டையில் கூடி, அங்கிருந்து வெளியே மண்ணுக்குள் போகின்றன. அந்த மண் எப்படிப்பட்டது?

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். அது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. அதன் பாறைகளில் சார்னோக்கைட் முக்கியமானது. சென்னைப் பல்லாவரத்தில் கிடைக்கும் அதே வகைக் கருங்கல். மலைமேல் மெல்லிய செம்மண், கீழே பாறை. ஈரக் களிமண்ணின் மின்தடைத் திறன் சில பத்து ஓம்-மீட்டர். பாறை நிலத்தில் அது ஆயிரங்களில் போகும்.

எர்த் போடுவதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3043. வழக்கமான குழாய் எர்த்துக்கு 2.5 மீட்டர் நீள ஜிஐ குழாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 ஓம்-மீட்டர் மண்ணில் அந்தக் குழாயின் எர்த் தடை சுமார் 17 ஓம் வரும். 1,000 ஓம்-மீட்டர் நிலத்தில் அதே குழாய்க்குச் சுமார் 330 ஓம்.

இப்போது மெஷினுக்குள் ஒரு பேஸ் ஒயர் இன்சுலேஷன் தேய்ந்து இரும்பு உடம்பைத் தொடுகிறது என்று வையுங்கள். 17 ஓம் எர்த்தில் அதிகபட்சம் 13.5 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்று நினைத்துச் சும்மா இருக்கும். 330 ஓம் எர்த்தில் பாய்வது 0.7 ஆம்பியர். எந்த எம்சிபியும் அசையாது. எர்த் ஒயர் போட்டிருந்தும் மெஷின் உடம்பு கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் நிற்கும். மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த பிடியை விட முடியாது. அதன் பல மடங்கு, ஒரு நொடி நேரம் நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

எம்சிபி ஒயரைத்தான் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அறுத்துவிடும். 330 ஓம் எர்த்தில்கூட அந்த 0.7 ஆம்பியர் அதற்குத் தாராளம். மலைமேலும் பாறை நிலத்திலும் ஆர்சிசிபி இல்லாத மெஷினை ஓட்டவே கூடாது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

விஎப்டியின் ஃபில்டர் இயல்பாகவே கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். அதனால் ஆர்சிசிபி காரணமின்றி விழுவதுபோல் தோன்றும். ஆர்சிசிபியைக் கழற்றி எறிவது அதற்கு வழியல்ல. விஎப்டிக்கென்று தனி ஆர்சிசிபி வைத்து, விஎப்டி கையேட்டில் எந்த வகை கேட்டிருக்கிறதோ அதைப் போட வேண்டும். விஎப்டி கசிவில் டிசி கலந்திருந்தால் சாதாரண ஏசி வகை ஆர்சிசிபிக்கு அது கண்ணில் படாது.

எர்த் சரியில்லை என்று நியூட்ரலையே மெஷின் உடம்பில் மாட்டுகிற பழக்கம் ஒன்று உண்டு. வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் மெஷின் முழுக்க பேஸ் ஏறிவிடும். அதைச் செய்யவே கூடாது. பாறை நிலத்தில் இரண்டு மூன்று எர்த் குழிகளைத் தள்ளித் தள்ளித் தோண்டிச் சேர்ப்பதும், கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், ஆண்டுக்கொரு முறை தடையை அளப்பதும் பயன் தரும். சித்திரை வைகாசி இடி மழைக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் முன்னால் மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பான் போடுவதும், இடி இடிக்கும்போது மெஷினையும் அதனோடு யுஎஸ்பியில் இணைந்த லேப்டாப்பையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுவதும் நல்லது. பேனல் பெட்டி தூசு புகாததாக இருக்க வேண்டும். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு முனைகளுக்கு நடுவே படிந்தால் அதன் வழியாகவே கரண்ட் கசியும். காய்ந்த தூள் என்றால் ஒரு பொறி போதும்.

முதல் முறை ஆன் செய்யும்போது

எல்லாம் மாட்டி முடித்ததும் கை பரபரக்கும். கரண்ட் கொடுப்பதற்கு முன் மீட்டரை எடுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், டிசி பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஷார்ட் இல்லையே என்று பாருங்கள். ஸ்பிண்டில், பாலம், மேஜை, பேனல் கதவு நான்கும் எர்த் பட்டையோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஆன் செய்து டிசியை அளங்கள். அணைத்துவிட்டு டிரைவரைச் சேருங்கள். அடுத்து ஒரே ஒரு மோட்டார். அதன் பிறகு மற்றவை. பிட் மாட்டாமல் லிமிட் சுவிட்சைக் கையால் தொட்டு மெஷின் நிற்கிறதா என்று பாருங்கள். எமர்ஜென்சி பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆர்சிசிபியின் 'டெஸ்ட்' பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். ஸ்பிண்டிலை எல்லாவற்றுக்கும் கடைசியாக, குறைந்த வேகத்தில்.

போர்டு, டிரைவர், மோட்டார் பக்கத்தை ஆர்வம் உள்ள யாரும் பொறுமையாகக் கற்றுக்கொண்டு செய்யலாம். மெயின் போர்டு, விஎப்டி சப்ளை, எர்த் குழி மூன்றையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவர் வேலையை முடித்துவிட்டுப் போகும்முன் எர்த் தடை எத்தனை ஓம் என்று கேட்டு, அந்த எண்ணைத் தேதியோடு பேனல் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.